ஓடு மாற்ற வந்தவர் அடுப்படியையும் மாற்றிவிட்டுப் போனால்?

புதுவயலில் ஓர் அரிசி ஆலை. காலை ஒன்பதே முக்கால் மணி. வே பிரிட்ஜ் மேல் நெல் லாரி ஏறி நிற்கிறது, அதன் பின்னால் இன்னும் மூன்று. எடை அறைக் கணினியில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்டேட் நடக்கிறதாம், 27 சதவீதம் முடிந்ததாம், கணினியை அணைக்கக் கூடாதாம். ஆலைக் கணக்கர் எனக்குப் போன் போட்டார்.

“அண்ணே, நான் எதையும் தொடலண்ணே. காலையில வந்து ஆன் பண்ணேன், அதுவாச் சுத்துது. பிளக்கைப் புடுங்கிரவா?”

“ஐயோ, அதை மட்டும் செஞ்சிராதீங்க” என்றேன். எடை காட்டும் பெட்டியில் எண் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கணினிக்கு அங்கே சீட்டு அடிக்கும் வேலை மட்டும்தான். பழைய சீட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, கார்பன் வைத்துக் கையால் எழுதி, நான்கு லாரியையும் அனுப்பினார். நாற்பது நிமிடம் கழித்துக் கணினி எழுந்தது. ஆனால் எடை திரைக்கு வரவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் சிறு கடைகள், ஆலைகள், தங்கும் விடுதிகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் அதிகம் காதில் விழும் வசவு ‘அப்டேட்’. இருபது வருடத்துக்கு முன் எது கெட்டாலும் ‘வைரஸ்’ என்றார்கள், இப்போது எது கெட்டாலும் ‘அப்டேட்’ என்கிறார்கள். “பணம் பிடுங்கத்தான் அனுப்புறான், பண்ணாதே” என்கிறார் ஒருவர். “பண்ணினா மெஷின் வேகமா ஓடும்” என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே பெயரில் நாலு வேலை

செட்டிநாட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் வைத்துக் கூரையில் ஏறி, உடைந்த நாட்டு ஓடுகளை எடுத்துவிட்டு நல்ல ஓடு வைப்போம். வேலை முடிந்தபின் வீட்டுக்குள் நடந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மழை பெய்யும்போது ஒழுகாது, அவ்வளவுதான். மென்பொருளில் இதற்குப் பெயர் பேட்ச். தமிழில் திருத்தம் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர்கள் விட்ட ஓட்டையை அடைப்பது அதன் வேலை.

இரண்டாவது வகை, வசதி மாற்றம். அடுப்படி பின்கட்டில் இருந்தது, இனிமேல் முகப்பில் இருக்கட்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். புது அடுப்படி பழையதைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கை முப்பது வருடமாக உப்புச் சாடியைத் தேடிப் போன இடம் வேறு.

மூன்றாவது, சட்டம் கேட்கும் மாற்றம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள். வளவில் விழும் மழையை அண்டாவில் பிடித்துப் பழகிய நம் வீடுகளுக்கு அது புதிதல்ல என்றாலும், குழாய் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கணக்கு மென்பொருளில் ஜிஎஸ்டி கொண்டுவரும் மாற்றங்கள் இந்த வகை.

நாலாவது, பதிப்பு மாற்றம். “இந்த வீட்டை இனிமேல் நாங்கள் பராமரிக்க மாட்டோம், பக்கத்துத் தெருவில் புது வீடு கட்டியிருக்கிறோம், வந்துவிடுங்கள்” என்று சொல்வது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று நடந்தது அதுதான். அன்றிலிருந்து அது ஓடாமல் போகவில்லை, ஓடத்தான் செய்கிறது. சாதாரணமாக வந்துகொண்டிருந்த இலவசத் திருத்தம் நின்றுபோனது. நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்யாதவர்கள் வீட்டில் உடைந்த ஓட்டை மாற்ற இனி யாரும் ஏற மாட்டார்கள். புது வீட்டுக்குப் போகலாம் என்றால் விண்டோஸ் 11 உங்கள் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று பார்க்கும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்பு என்றால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். நல்லாத்தான் ஓடுகிறது, எதற்கு மாற்றணும் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. அவர்கள் கேட்பது நியாயம்.

ஆக, ‘அப்டேட்’ என்று ஒருவர் சொன்னால் இந்த நாலில் எது என்று முதலில் கேட்க வேண்டும். ஓட்டை அடைப்பா, அடுப்படி மாற்றமா, சட்டமா, வீடு மாற்றமா? முதலாவதைத் தள்ளிப்போட்டால் ஆபத்து. இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது.

ஏன் எல்லாம் ஒரே மூட்டையில் வருகிறது?

எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓடு மாற்றக் கூப்பிட்டோம், வந்தவர் ஓட்டையும் மாற்றி அடுப்படியையும் தூக்கி வைத்துவிட்டுப் போகிறார். “ஓடு மட்டும் போதும்” என்று சொல்ல வழியில்லை.

ஒரு காலத்தில் வழி இருந்தது. விண்டோஸ் 7இல் திருத்தங்களின் பட்டியல் வரும், வேண்டியதை டிக் செய்யலாம், வேண்டாததை விடலாம். 2016 அக்டோபரில் அதை மாற்றி, மாதம் ஒரு மூட்டை என்று ஆக்கினார்கள். இதற்குத் திரள் அப்டேட் என்று சொல்லலாம்: இந்த மாத மூட்டைக்குள் போன மாதத்தது, அதற்கு முந்தைய மாதத்தது எல்லாம் சேர்ந்தே இருக்கும். எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். விண்டோஸ் 10 பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

இதற்கு அவர்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. பத்துத் திருத்தம் வெளியிடுகிறார்கள் என்று வைப்போம். ஒவ்வொன்றையும் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம் என்றால், ஊரில் எத்தனை விதமான கணினிகள் இருக்க முடியும்? இரண்டைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், 1,024. பத்துத் திருத்தத்துக்கே இந்தக் கதி. பதினொன்றாவது திருத்தத்தை இந்த 1,024 விதத்திலும் போட்டுப் பார்த்துச் சோதிக்க எவராலும் முடியாது. எல்லாரும் ஒரே நிலையில் இருந்தால் ஒரே ஒரு விதத்தைச் சோதித்தால் போதும்.

எனக்கு இந்தக் கணக்கு புரிகிறது. ஓட்டை அடைக்கும் திருத்தங்களை மூட்டையாகக் கட்டுவது சரிதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதே மூட்டைக்குள் பொத்தானின் இடமாற்றத்தையும், யாரும் கேட்காத விளம்பரப் பெட்டியையும் சேர்த்துக் கட்டுவதற்கு அந்தக் கணக்கு நியாயம் சொல்லாது. அது வேறு ஆசை. கல்யாண வீட்டு மொய்க்கவருக்குள் கடை நோட்டீஸை வைத்துக் கொடுப்பது மாதிரி.

‘வேண்டாம்’ பொத்தானைக் காணோம்

சரி, மூட்டையாகவே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது இருக்கலாமே? முன்பு இருந்தது. அதன் விலை 2017இல் தெரிந்தது.

அந்த வருடம் மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் இருந்த ஓர் ஓட்டைக்கானது. நிறையப் பேர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டார்கள். மே 12 அன்று வான்னாகிரை என்ற தாக்குதல் அதே ஓட்டை வழியாக நுழைந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. 150 நாடுகளுக்கு மேல் பாதிப்பு. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. திருத்தம் வந்து 59 நாள் ஆகியிருந்தது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. திருத்தம் வெளியாகும் நாள்தான், திருத்தம் போடாதவர்களுக்கு ஆபத்து கூடும் நாள். எப்படி என்றால், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். பின்கட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்ட அன்றைக்கே, இதே மாதிரிக் கதவு வைத்த எல்லா வீடுகளையும் திருடன் குறித்துக்கொள்வது போல.

இன்னொன்று, இது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. நம் வீட்டுத் தொட்டியில் தேங்கிய தண்ணீரில் வளரும் கொசு பக்கத்து வீட்டுக்காரரையும் கடிக்கும். டெங்கு காலத்தில் நகராட்சி ஆட்கள் கேட்காமல் வீட்டுக்குள் வந்து தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கும், விண்டோஸ் கேட்காமல் திருத்தம் போடுவதற்கும் காரணம் ஒன்றுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கட்டாயத்துக்குக் காரணம் உண்டு, அது ஓட்டை அடைப்புக்கு மட்டும் பொருந்தும். அந்தக் காரணத்தின் முதுகில் ஏறி மற்ற மூன்று வகையும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

“காசு கொடுத்து வாங்கினேனே!”

வாங்கவில்லை. இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்குப் பத்திரம் புதிதா என்ன? கிரயம், ஒத்தி, வாடகை என்ற மூன்றின் வித்தியாசம் நமக்கு நன்றாகவே தெரியும்.

மென்பொருளைக் கிரயம் செய்து யாரும் தருவதில்லை. உங்களுக்குக் கிடைப்பது லைசென்ஸ், அதாவது பயன்படுத்தும் அனுமதி. ஒரே தடவை பணம் கட்டி எத்தனை வருடமானாலும் ஓட்டிக்கொள்ளும் பழைய முறை, கிட்டத்தட்ட ஒத்திக்கு இருப்பது. (ஒத்தியில் காலம் முடிந்தால் கொடுத்த பணமாவது திரும்பி வரும். இங்கே அதுவும் இல்லை.) மாதாமாதம், வருடாவருடம் கட்டும் சந்தா முறை, சுத்தமான வாடகை. வாடகை நிற்கும் நாளில் கதவு பூட்டிக்கொள்ளும், அல்லது உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், புதிதாக எழுத முடியாது என்று ஆகிவிடும்.

மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. மென்பொருள் உங்கள் கணினியிலேயே இருக்காது. எங்கோ ஒரு சர்வரில் ஓடும், நீங்கள் பிரவுசரில் திறந்து வேலை பார்ப்பீர்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்கள் அறைப் பதிவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். இதில் அப்டேட் வேண்டுமா என்ற கேள்வியே எழாது. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவர், நேற்று இருந்த வத்தக்குழம்பு இன்றைக்கு இல்லை என்று சண்டை போடலாம், சமையலறைக்குள் போய் வைக்க முடியாது.

இந்த வகையில் ஒரு விநோதம் உண்டு. உங்கள் விடுதியில் புதுத் திரை வந்திருக்கும், அடுத்த தெரு விடுதியில் பழையதுதான் இருக்கும். உங்கள் கணினியில் கோளாறு இல்லை. முதலில் நூற்றில் ஒருவருக்கு, பிறகு பத்துப் பேருக்கு, பிரச்சினை இல்லையென்றால் எல்லாருக்கும் என்று கொடுப்பதைப் படிப்படி வெளியீடு என்பார்கள். ருசி பார்க்க முதல் முறுக்கைக் கொடுப்பது மாதிரி. அந்த முதல் முறுக்கு நம் வாயில் விழுகிறதே என்பதுதான் வருத்தம்.

எதற்கு ரீஸ்டார்ட்?

பந்தி நடந்துகொண்டிருக்கிறது. ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது கீழே விரித்திருக்கும் பாயை மாற்ற முடியுமா? அவர்கள் எழுந்த பிறகுதான் மாற்ற முடியும். கணினி ஓடும்போது அதன் அடிப்படைக் கோப்புகள் மேல் ஏதாவது ஒரு வேலை உட்கார்ந்துகொண்டே இருக்கும். அதனால் எல்லாரையும் எழுப்பிவிட்டு, பாயை மாற்றி, மறுபடி பந்தி விரிக்கிறது. பாதி மாற்றிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் பழைய பாயும் இல்லை, புதுப் பாயும் இல்லை. ஆலைக் கணக்கரிடம் நான் அலறியது அதனால்தான்.

அவர் எதையும் தொடவில்லை என்றது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. முந்தைய நாள் சாயங்காலம் கணினியை அணைக்கும்போது, பொத்தானில் ‘அணை’ என்பதற்குப் பக்கத்தில் ‘அப்டேட் செய்து அணை’ என்றும் இருந்திருக்கிறது. அவசரத்தில் அதை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பாதி வேலை அணையும்போது நடக்கும், மீதி மறுநாள் ஆன் செய்யும்போது. அந்த மீதிதான் லாரி நிற்கும் நேரத்தில் சுற்றியது.

எடை ஏன் வரவில்லை?

இப்போது அந்தக் கதை. எடைப் பெட்டியிலிருந்து பழைய காலத்து ஒன்பது ஊசி கேபிள் ஒன்று வரும். இன்றைய கணினிகளில் அதைச் செருக ஓட்டை கிடையாது. நடுவில் ஒரு சின்ன நீல வயர், ஒரு முனை ஒன்பது ஊசி, மறு முனை யூஎஸ்பி. அந்த வயரின் தலைக்குள் ஒரு சிப்பு. அந்தச் சிப்பு பேசுவது விண்டோஸுக்குப் புரிய வேண்டும் என்றால் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும். டிரைவர் என்பது துபாஷி. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்பவர்.

மாத மூட்டையோடு இந்த டிரைவருக்கும் புதுப் பதிப்பு வந்திருந்தது. புதுத் துபாஷிக்குப் புதுச் சிப்பின் மொழி தெரியும். பழைய சிப்பைப் பார்த்து, உன்னை எனக்குத் தெரியாது என்று வாயை மூடிக்கொண்டார். சாதனங்களின் பட்டியலில் அந்த வயரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். எடைப் பெட்டி, கேபிள், எடைச் சீட்டு மென்பொருள், விண்டோஸ் நாலும் தனித்தனியாக நன்றாகத்தான் இருந்தன. நடுவில் நிற்பவர் மாறிப்போனதில் எல்லாம் நின்றது.

இதற்குப் பெயர் சார்பு: ஒரு மென்பொருள் இன்னொன்றை நம்பி நிற்பது. விண்டோஸ்காரருக்குப் புதுவயலில் வே பிரிட்ஜ் இருப்பது தெரியாது. வே பிரிட்ஜ் மென்பொருளை எழுதியவருக்கு அடுத்த மாதம் விண்டோஸ் எதை மாற்றும் என்று தெரியாது. வயர் விற்றவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டுவார்கள், அதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பழைய டிரைவரைத் தேடிப் போட்டேன், எடை வந்தது. அதற்குள் மதியம் ஆகிவிட்டது.

கணக்கு மென்பொருளின் ஒருவழிப் பாதை

பலகாரக் கடை நடத்தும் ஆச்சி ஒருவர். கைமுறுக்கு, தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை என்று வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறார். கடையில் ஒரு கணினி. கணக்கு எழுதும் பெண் வீட்டிலும் ஒரு மடிக்கணினி வைத்திருந்தார். வீட்டில் கணக்கு மென்பொருள் புதுப் பதிப்புக்கு மாறச் சொன்னது, மாறினார். வேலையை முடித்து பென்டிரைவில் கடைக்குக் கொண்டுவந்தார். கடைக் கணினியில் திறக்கவே இல்லை. மறுநாள் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள்.

நடந்தது என்ன? மென்பொருள் வேறு, தரவு வேறு. தரவு என்றால் நீங்கள் எழுதிய கணக்கு: பற்று, வரவு, இருப்பு. பேரேட்டையும் அதை எழுதுகிற ஆளையும் போல. புதுப் பதிப்பு சில சமயம் பேரேட்டின் கட்டங்களையே மாற்றிப் போடும். இதைத் தரவு மாற்றம் என்பார்கள். புது ஆள் பழைய பேரேட்டைப் படித்துப் புதுக் கட்டத்துக்கு மாற்றி எழுதிக்கொள்வார். பழைய ஆளுக்குப் புதுக் கட்டம் புரியாது. போகலாம், திரும்ப முடியாது.

“அந்தக் காலத்துல எங்க ஐயா எழுதின ஐந்தொகையை இன்னைக்கு எடுத்தாலும் வாசிக்கலாம் தம்பி. நேத்து எழுதினதை இன்னைக்குத் திறக்க முடியலங்குறீங்களே” என்றார் ஆச்சி. பதில் சொல்லாமல் கடைக் கணினிக்கும் புதுப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

அதே கடையில் இன்னொரு நாள் இதற்கு நேர்மாறான குழப்பம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய முறுக்கு, மிக்சர் வகைகள் 12 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன, சிமெண்ட் 28லிருந்து 18க்கு. தீபாவளிக்கு நாலு வாரம். “அப்டேட் இன்னும் வரலையே, பழைய வரியே போடுதே” என்று ஒரே போன். அதற்கு அப்டேட் தேவையே இல்லை. வரி விகிதம் நீங்கள் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்த ஓர் எண். நீங்களே மாற்ற வேண்டியது. மென்பொருளே மாற வேண்டியது எப்போது என்றால், படிவத்தின் அமைப்பு மாறும்போது. அதே வருடம் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 12ஆம் அட்டவணையை வியாபாரிகளுக்கு விற்றது, நேரடி வாடிக்கையாளருக்கு விற்றது என்று இரண்டாகப் பிரித்தார்கள். பழைய பதிப்பு அந்தப் பிரிவைக் கொடுக்காது. அதற்கு அப்டேட் வேண்டும்.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாகும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், அந்தத் தடத்தை அணைக்கவும் கூடாது. பழைய பதிப்பே போதும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்க முடியாது. இங்கே கட்டாயப்படுத்துவது சட்டம், மென்பொருள் நிறுவனம் இல்லை.

அதாவது, எண் மாறினால் உங்கள் வேலை, படிவம் மாறினால் அப்டேட்டின் வேலை. தரவு மாற்றம் என்ற சொல் திரையில் வந்தால் கையை எடுத்துவிட்டு முதலில் பேக்கப்.

அவர்களுக்கும் தவறும்

கட்டாய அப்டேட்டை நான் முழுசாக நம்புகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39க்கு ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. கோப்பில் பிழை. விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன, எழுந்தால் மறுபடி விழுந்தன. மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். புதுவயல் கணக்கரின் கார்பன் சீட்டுதான் அங்கேயும் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளலாம்.

78 நிமிடத்தில் பிழைக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கனவே விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அந்த மென்பொருள் விண்டோஸின் அஸ்திவாரத்திலேயே உட்கார்ந்து வேலை செய்வதால், அது விழுந்தபோது வீடே விழுந்தது. இதில் கொடுமை, எப்போதும் ஒரு பதிப்பு பின்னால் இருப்போம் என்று முன்ஜாக்கிரதையாக அமைத்து வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. மென்பொருள் அப்டேட்டுக்குத்தான் அந்த ஏற்பாடு, இந்தச் சின்னக் கோப்பு வேறு வாசல் வழியாக நேரே எல்லாருக்கும் போனது. படிப்படி வெளியீடும் அந்தக் கோப்புக்கு இல்லை. முதல் முறுக்கை ருசி பார்க்காமல் மொத்த அண்டாவையும் பரிமாறிவிட்டார்கள்.

கையில் இருக்கும் கடிவாளம்

விண்டோஸில் அப்டேட்டை அடியோடு நிறுத்தும் வித்தைகள் யூடியூப் முழுக்க இருக்கின்றன. கடைகளுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. தள்ளிப்போடலாம், மறுக்கக் கூடாது என்பது என் கட்சி. தள்ளிப்போட அமைப்பிலேயே இடம் இருக்கிறது: அப்டேட் பக்கத்தில் 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். வேலை நேரம் இது என்று 18 மணி நேரம் வரை குறித்துவிட்டால், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. இந்த ஒன்றைச் சரியாக வைத்தாலே பாதிப் புலம்பல் குறையும். பெரும்பாலான கடைகளில் யாரும் திறந்துகூடப் பார்க்காத பக்கம் அது.

மைக்ரோசாப்ட் 2003 அக்டோபரிலிருந்து ஒரு நாள் வைத்திருக்கிறது, மாதத்தின் இரண்டாவது செவ்வாய். நம் ஊரில் அன்று இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதனால் நம் கணினிகளுக்கு அது புதன்கிழமைச் சரக்கு. நான் சொல்வது, வந்த அன்றே போடாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள். மூட்டையில் சொத்தை இருந்தால் அதற்குள் ஊரெல்லாம் சத்தம் கேட்டுவிடும். இரண்டு மாதம் விட்டால் 2017தான். மாதக் கடைசியில் ‘விருப்பப்பட்டால்’ என்று ஒன்று வரும், அது அடுத்த மாதச் சரக்கின் மாதிரி. வியாபாரம் நடக்கும் கணினிக்கு அது வேண்டாம்.

பெரிய பதிப்பு மாற்றம் போட்டுப் பிடிக்கவில்லை என்றால் சாதாரணமாகப் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம், பதினொன்றாம் நாள் அந்தக் கதவு மூடிவிடும். தரவு மாற்றத்துக்கு அந்தப் பத்து நாளும் கிடையாது. பேக்கப் மட்டும்தான். அதையும் அதே கணினியில் வேறு ஃபோல்டரில் வைத்தால் பேக்கப் இல்லை, பத்திரத்தையும் நகலையும் ஒரே பெட்டியில் வைத்த கதை.

புதுவயல் ஆலையில் வேலை நேரத்தைக் காலை ஆறு முதல் இரவு பத்து வரை என்று குறித்துவிட்டேன். பழைய டிரைவரை ஒரு பென்டிரைவில் போட்டு, எடை அறை மேசை டிராயரில் சீட்டுப் புத்தகத்தோடு வைத்திருக்கிறோம். மாதம் பிறந்ததும் கணக்கர் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் இரண்டாவது செவ்வாயைத் தேடி, அதிலிருந்து எட்டு நாள் எண்ணி, வரும் புதன்கிழமைத் தாளில் பேனாவால் ‘அ’ என்று எழுதி வைக்கிறார். அன்று கடைசி லாரி போன பிறகுதான் பொத்தானை அமுக்குவார்.

“பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுண்ணே” என்றார் போன மாதம். கொஞ்ச நேரம் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஆமா, போயும் போயும் செவ்வாய்க்கிழமையிலயா ஒருத்தன் புதுசா ஒண்ணை ஆரம்பிப்பான்?”